எழுபது வயது சைக்கிளுக்கு உதிரி தேடுகிறேன்

பழைய சைக்கிள் ஒன்றைச் சீர்செய்கிறேன் என்று சொன்னதும் நண்பர்கள் கேட்கும் முதல் கேள்வி, "என்ன கலர் அடிக்கப்போற?" என்பதுதான். கலர் அடிக்கப்போவதில்லை. ஏன் என்று கேட்டால் அதற்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் இது என்ன சைக்கிள் என்று சொல்லிவிடுகிறேன். நம் தாத்தாக்கள் ஓட்டிய கம்பி பிரேக் வண்டி இல்லை. அது ரோட்ஸ்டர், கேரியரும் ஸ்டாண்டும் சேர்ந்தால் 20 கிலோவை எட்டும். இங்கிலாந்தில் 1930களிலிருந்து 60கள் வரை, கிளப் சேர்ந்து ஓட்டியவர்களுக்காகச் சின்னச் சின்னக் கடைகளில் கையால் செய்த வண்டிகள் இருந்தன. அவற்றுக்குப் பெயர் லைட்வெயிட். சக்கரம், சீட்டு எல்லாம் மாட்டியும் 11 கிலோ சுமாருக்கு நிற்கும். ஆலைத் தொழிலாளி, தபால்காரர், பட்டறைப் பையன் என்று வாரம் முழுக்க வேலை பார்த்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை நூறு மைல் போய்வர வைத்திருந்த வண்டி இது. என்னிடம் இருப்பது 50களின் தொடக்கத்தைச் சேர்ந்தது. நான் இருப்பது பர்மிங்காம் பக்கம் என்பதால் இதன் பாதி உறுப்புகள் பிறந்த ஊர் எனக்குப் பஸ் தூரம்.

வண்டியின் உயிர் ஃபிரேம் குழாயில் இருக்கிறது. ரெனால்ட்ஸ் 531. பர்மிங்காமின் டைஸ்லியில் இருந்த ரெனால்ட்ஸ் நிறுவனம் 1935-இல் கொண்டுவந்த மாங்கனீசு, மாலிப்டினம் கலந்த எஃகு. அந்தக் குழாயின் சூட்சுமம் அதற்கும் முந்தியது. குழாயின் வெளிச்சுற்று கடைசிவரை ஒரே அளவாக இருக்கும். உள்ளே மட்டும் இரு முனைகளிலும் தடிமன் கூடும், நடுவில் குறையும். பற்றவைக்கும் இடத்தில் பலம் வேண்டும், நடுவில் அவ்வளவு வேண்டாம் என்ற கணக்கு. இதற்கான காப்புரிமையை ஆல்ஃபிரட் ரெனால்ட்ஸ் 1897-இலேயே வாங்கிவிட்டார். 531-ஐ அதிகச் சூட்டில் வெல்டிங் செய்தால் பலம் போய்விடும். அதனால் குழாய்களை லக் என்ற மூட்டுக்குள் சொருகிப் பித்தளையை உருக்கி ஊற்றிச் சேர்ப்பார்கள். அந்த லக்குகளின் ஓரத்தை அரத்தால் ராவி, இலை நுனி போல் மெலிய வைப்பதில்தான் அந்தக் காலத்து ஃபிரேம்காரர்கள் தங்கள் கைவண்ணத்தைக் காட்டினார்கள்.

ரெனால்ட்ஸ் 1928-இல் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் குழுமத்தின் பகுதியானது. அந்தப் பெயர் சென்னைக்காரர்களுக்குப் பழக்கம். முருகப்பா குடும்பத்தோடு சேர்ந்து 1949-இல் டிஐ சைக்கிள்ஸைத் தொடங்கி அம்பத்தூரில் ஆலை வைத்தது இதே குழுமம்தான். அங்கே செய்த ஹெர்குலிஸும் பிறப்பால் பர்மிங்காம். 1955 டூர் டி பிரான்ஸில் பிரிட்டன் முதல்முறையாக முழு அணி இறக்கியபோது அதில் பெரும்பாலானவர்கள் ஹெர்குலிஸ் நிறுவனத்துக்காக ஓட்டியவர்கள். பத்துப் பேர் கிளம்பி, பிரையன் ராபின்சன், டோனி ஹோர் என்று இரண்டே பேர்தான் பாரிஸ் போய்ச் சேர்ந்தார்கள். ஊரில் பால் கேன் கட்டிக்கொண்டு போன வண்டியின் பெயரை டூர் டி பிரான்ஸின் வரலாற்றில் படித்தபோது எனக்கு உண்மையாகவே சிலிர்த்தது.

சரி, என் ஃபிரேமுக்கு வருகிறேன். ஒரு வீட்டின் பின்கட்டுக் கொட்டகையைக் காலி செய்தபோது கிடைத்தது. பெயர்ச் சித்திரமெல்லாம் உரிந்து போயிருந்தது. 531 ஒட்டு இருந்த இடத்தில் பழுப்பு நிழல் மட்டும். ஆனால் சீட்டுக் கம்பியை உருவி அளந்தால் 27.2 மில்லிமீட்டர். பிரிட்டிஷ் ஃபிரேமில் இந்த அளவு வந்தால் குழாய் மெல்லியது, தரமானது என்று நம்பலாம். சாதாரணக் குழாய் என்றால் சீட்டுக் கம்பி இதைவிட ஒல்லியாக இருக்கும். கீழே பெடல் அச்சுக்கூட்டின் வயிற்றில் ஒரு எண் குத்தியிருந்தது. முன் ஃபோர்க்கைக் கழற்றிப் பார்த்தால் அதன் தண்டிலும் அதே எண். ஆக ஃபோர்க்கும் ஃபிரேமும் ஒன்றாகப் பிறந்தவை. இது பெரிய விஷயம். மோதிய வண்டிகளில் முதலில் மாறுவது ஃபோர்க்தான்.

அப்புறம் ஒரு டார்ச்சை வைத்துக்கொண்டு பெயிண்டைப் படித்தேன். படித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். மேல்குழாயில், சீட்டுக்குச் சற்று முன்னால், ஒரு விரல் அகலத்துக்கு வளையமாக ஒரு தடம். சுற்றிலும் பெயிண்ட் வெளுத்துச் சாம்பல் நீலமாகியிருக்க, அந்த வளையத்துக்குள் மட்டும் மயில் கழுத்து நீலம் பளிச்சென்று இருந்தது. வெள்ளிப்பூச்சின்மேல் கண்ணாடி போன்ற வண்ணம் ஏற்றும் ஃப்ளாம்பாயண்ட் பெயிண்ட். ஒரு இரும்புப் பட்டை பல வருஷம் அந்த இடத்தை வெயிலிலிருந்து மூடி வைத்திருக்கிறது. அது ஸ்டர்மி ஆர்ச்சர் கியர் வயருக்கான சின்ன உருளையின் பட்டை. பின்னால் செயின் பக்கத்துக் குழாயில் அதே வயரைத் தாங்கும் இன்னொரு பட்டையின் தடம். ஆக, வண்டிக்கு முதலில் இருந்தது சக்கரக் குடத்துக்குள் அடங்கிய கியர்.

அதோடு முடியவில்லை. கீழ்க்குழாயில் இன்னொரு பட்டைத் தடம், ஆனால் இதற்குள் நீலம் ஏற்கெனவே கொஞ்சம் வெளுத்திருந்தது. பின் சக்கரம் மாட்டும் வாயில் பற்கள் வைத்த வாஷர் கடித்த தழும்பு. பின் ஃபோர்க்கின் இடைவெளியை அளந்தால் 120 மில்லிமீட்டர், ஸ்டர்மி குடத்துக்கு 114 போதும். புரிந்துவிட்டது. சில வருஷம் கழித்து யாரோ பின்பக்கத்தை விரித்து, ஃப்ரீவீலில் பல் கூட்டி, செயினை இடம் மாற்றும் டீரெய்லர் கியர் மாட்டியிருக்கிறார்.

இதைக் கியர் மாற்றம் என்று மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும். அந்தக் காலத்து இங்கிலாந்தில் கியர் ஒரு கட்சிக்கொடி. 1890களிலிருந்தே திறந்த சாலையில் கூட்டமாகப் பந்தயம் விடக் கூடாது என்று தேசிய சைக்கிள் சங்கம் தடை போட்டிருந்தது. போலீஸ் சைக்கிளையே சாலையிலிருந்து விரட்டிவிடுமோ என்ற பயம். அதனால் போட்டி என்பது விடிகாலையில், தலையிலிருந்து கால்வரை கறுப்பு உடை போட்டுக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராக நிமிஷ இடைவெளி விட்டுக் கிளம்பும் நேர ஓட்டம்தான். பாதைக்குக்கூடப் பெயர் கிடையாது, ரகசிய எண்தான். அந்த ஓட்டத்துக்கு ஒரே கியரோ, ஸ்டர்மி குடமோ போதும். 1942-இல் பெர்சி ஸ்டாலார்ட் என்பவர் இந்தக் கட்டுப்பாட்டை உடைத்தார். லாங்கோத்லென்னிலிருந்து வுல்வர்ஹாம்ப்டனுக்குப் பகல் வெளிச்சத்தில் கூட்டப் பந்தயம் நடத்தினார். சங்கம் அவரை நீக்கியது. அவர் தரப்பு லீக் என்று தனி அமைப்பைத் தொடங்கியது. பிறகு 1959 வரை இரண்டு தரப்பும் ஒன்றை ஒன்று முறைத்துக்கொண்டே இருந்தன. லீக்காரர்களுக்கு எல்லாம் ஐரோப்பா பாணியில் வேண்டும்: பிரான்சின் சிம்ப்ளெக்ஸ், 1951-இல் வந்த இத்தாலியின் காம்பக்னோலோ கிரான் ஸ்போர்ட், காசு குறைவென்றால் பர்மிங்காமின் சைக்ளோ பெனிலக்ஸ். ஒரு வண்டியில் ஸ்டர்மி போய் பெனிலக்ஸ் வந்தது என்றால், அந்த ஆள் கட்சி மாறியிருக்கலாம். அல்லது சம்பளம் உயர்ந்திருக்கலாம்.

என் வாதம் இங்கேதான் இருக்கிறது. "ஒரிஜினல்" என்ற ஒரே நிலைமை இந்த வண்டிகளுக்கு இருந்ததே இல்லை. கார் போல் ஆலையிலிருந்து முழுசாக வெளியே வந்த பொருள் இல்லை இது. ஃபிரேமை ஒரு கடையில் அளவு கொடுத்துச் செய்வார்கள். குடம் ஒரு ஊர், ரிம் ஒரு ஊர், சீட்டு ஒரு ஊர். கையில் காசு சேரும்போதெல்லாம் ஒன்றைக் கழற்றி இன்னொன்றை மாட்டுவார்கள். ஆகவே சீர்செய்பவன் தேட வேண்டியது கேட்டலாக் பக்கத்தை இல்லை. "இந்த வருஷம், இந்த வருமானம், இந்தக் கட்சி உள்ள ஒரு ஆள் எதை மாட்டியிருப்பான்?" என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்குப் பொருந்தும் உதிரிதான் காலத்துக்கேற்ற உதிரி. விலை உயர்ந்த காம்பக்னோலோ சாமானை எல்லா ஃபிரேமிலும் தொங்கவிடுகிறார்கள் சிலர். பார்க்க அழகுதான். ஆனால் 1952-இல் ஒரு பட்டறைத் தொழிலாளியால் அதை நினைத்துக்கூடப் பார்த்திருக்க முடியாது. அந்த ஆளை வண்டியிலிருந்து அழித்துவிடுகிற வேலை அது. எனக்கு அது வருத்தமாக இருக்கிறது.

நான் ஸ்டர்மிக்குத் திரும்புவது என்று முடிவு செய்தேன். பின்னால் வந்த டீரெய்லரின் தழும்புகள் அப்படியே இருக்கும்.

உதிரி தேடுவது தனி வாழ்க்கை. இங்கே பழைய சைக்கிள் சாமான் சந்தைகள் நடக்கும். பள்ளிக்கூட மைதானத்திலோ ஊர் மண்டபத்திலோ மேசை போட்டு, நம்ம ஊர் காயலான் கடை மாதிரி அட்டைப்பெட்டியில் கொட்டி வைத்திருப்பார்கள். காலை சீக்கிரம் போக வேண்டும், கையில் ஒரு சின்ன டார்ச், ஒரு வெர்னியர், ஒரு பழைய துணி. துணி எதற்கென்றால், தேதி எப்போதும் எண்ணெய் அழுக்குக்குக் கீழேதான் இருக்கும். ஸ்டர்மி ஆர்ச்சர்காரர்களுக்கு நான் கோயில் கட்டுவேன். குடத்தின் மேலேயே மாடல் பெயர், வருஷம், மாதம் எல்லாம் குத்திவிட்டார்கள். "52 3" என்றிருந்தால் 1952 மார்ச். வில்லியம்ஸ் கிராங்க் என்றால் முதுகில் வருஷத்துக்கான எழுத்துக்குறி உண்டு. ஃபிரேமோடு வந்த கிராங்கைத் துடைத்துப் பார்த்துத்தான் என் வண்டியின் வயதையே முடிவு செய்தேன்.

ஸ்டர்மியிலும் எதை வாங்குவது என்பது முக்கியம். எங்கும் கிடைப்பது ஏ.டபிள்யூ. நேர் கியரிலிருந்து மேலே மூன்றில் ஒரு பங்கு ஏறும், கீழே கால் பங்கு இறங்கும். கடைத்தெருவுக்குப் போய்வர அருமை. ஆனால் வேகமாக ஓட்டுபவனுக்கு அந்த இடைவெளி பெரிய பள்ளம், கால் தாளம் தப்பும். கிளப்காரர்கள் விரும்பியது ஏ.எம்., ஏறினால் 15 சதவீதம், இறங்கினால் 13 சதவீதம். நான் அதைத்தான் தேடினேன். கடைசியில் ஒரு பெரியவரின் மேசையில், துருப்பிடித்த ரிம்மோடு சேர்ந்தே கிடந்தது. விலை பேசப்போனால் அவர் விலை சொல்லவில்லை.

"எந்த ஃபிரேமுக்கு?" என்றார்.

சொன்னேன். தடங்களைப் பற்றியும் சொன்னேன்.

"அப்படியானால் எடுத்துக்கொள். சுவரில் மாட்டி வைக்கிறவர்களுக்கு நான் கொடுப்பதில்லை."

காசு வாங்கிக்கொண்டார், ஆனால் கம்மியாகத்தான். அந்தத் தலைமுறை ஆட்களிடம் உதிரியைவிடப் பெரிய பொக்கிஷம் அவர்கள் தலைக்குள் இருக்கிறது. 1955-இல் தொடங்கிய வெட்டரன் சைக்கிள் கிளப்பில் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒருவர் பொறுப்பெடுத்து எண்களையும் பதிவேடுகளையும் பாதுகாக்கிறார்கள். ஃபிரேம் எண்ணை எழுதிப்போட்டால் பொறுமையாகப் பதில் எழுதுகிறார்கள்.

குடத்தைத் திறந்தபோது உள்ளே எண்ணெய் வெல்லப்பாகாக இறுகியிருந்தது. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுப் பல் துலக்கும் பிரஷால் தேய்க்கத் தேய்க்க, நடுவில் ஒரு சூரியப் பல்லும் அதைச் சுற்றிக் குட்டிப் பற்களும் ஒவ்வொன்றாகத் தலைகாட்டின. பற்களில் தேய்மானமே இல்லை. மயிரிழை ஸ்பிரிங்குகள் மட்டும் புதிதாகப் போட்டேன். குடத்தின் மேல் ஒரு குட்டி மூடி இருக்கும், அதைத் திறந்து மாதம் சில சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டால் போதும். பல்லுக்குள்ளே கெட்டி கிரீஸ் அடைத்தால் கியர் விழாமல் திணறும். ஸ்டர்மி ஆர்ச்சரின் நாட்டிங்ஹாம் ஆலை 2000-இல் மூடப்பட்டு, பெயரும் இயந்திரங்களும் தைவானுக்குப் போய்விட்டன. ஆனாலும் இந்தக் குடங்களுக்குச் சாவு கிடையாது என்றே தோன்றுகிறது.

சக்கரம்தான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. பிரிட்டிஷ் வழக்கப்படி முன்சக்கரத்துக்கு 32 கம்பி, பின்சக்கரத்துக்கு 40. பிறகு இங்கிலாந்தே அதைக் கைவிட்டு 36-க்கு மாறிவிட்டது. 40 துளை போட்ட 27 அங்குல ரிம், அதிலும் டன்லப் ஸ்பெஷல் லைட்வெயிட், தேடினால் ஒற்றையாகத்தான் கிடைக்கும். கிடைத்த ரிம்மைக் குடத்தில் கோக்கும்போது, ஊரில் சைக்கிள் கடை வைத்திருக்கும் அண்ணனை வீடியோவில் கூப்பிட்டேன்.

"அண்ணே, பின்னாடி நாப்பது கம்பி. எந்தக் கணக்குல கோக்கறது?"

"நாப்பதுதானே? நம்ம ஊரு வண்டி மாதிரிதான் தம்பி. இதுல என்ன சந்தேகம்? போனைத் தள்ளி வை, சக்கரத்தைச் சுத்திக் காட்டு."

உண்மைதான். நம் ரோட்ஸ்டர்களிலும் இன்றைக்கும் 32, 40தான். இங்கிலாந்து மறந்துபோன கணக்கை நம்மூர் சைக்கிள் கடைகள் கைவிடவில்லை. எந்தக் கம்பி எதன்மேல் ஏற வேண்டும், எதைக் கால் சுற்று இறுக்க வேண்டும் என்று அவர் சொல்லச் சொல்லச் செய்தேன். பெண்டு எடுப்பதை மட்டும் அவர் அவசரப்படுத்தவே விடவில்லை. "முதல்ல மேடு பள்ளம் பாரு, அப்புறமா இட வலம் பாரு" என்றார். அதே வரிசையில்தான் செய்தேன், சக்கரம் நூல் பிடித்தது போல் ஓடுகிறது.

மரை விஷயத்தில் எச்சரிக்கையாக இருங்கள். பொதுவான பிரிட்டிஷ் பெடல் அச்சுக்கூட்டில் அங்குலத்துக்கு 24 மரை. ராலே தன் வண்டிகளுக்கு 26 மரை வைத்துக்கொண்டது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். மரையைத் தப்பாகக் கொடுத்துத் திருகினால் ஃபிரேமே போய்விடும். ஒரு மரை அளவி வாங்கி வைத்துக்கொள்வது நல்லது, விலை அதிகமில்லை.

கோட்டர் பின் கழற்றுவதற்கு ஒரு முழுப் பத்தி ஒதுக்க வேண்டும். கிராங்கை அச்சோடு பூட்டும் அந்தச் சாய்வு முளை எழுபது வருஷத்தில் இரும்போடு இரும்பாக ஒட்டிப்போயிருக்கும். சுத்தியலை எடுத்து ஓங்கி அடிப்பவர்கள் அச்சிலுள்ள பால்ரஸ் தடத்தைக் குழியாக்கிவிடுவார்கள். முதல் நாள் ராத்திரியே துருவிளக்கி எண்ணெய் விட்டு ஊறவையுங்கள். அழுத்திக் கழற்றும் கருவி கிடைத்தால் அதுதான் சரி. அடித்தே ஆக வேண்டும் என்றால், கிராங்குக்குக் கீழே ஒரு கனமான குழாயைத் தரையிலிருந்து முட்டுக்கொடுத்து, அடியின் விசை அச்சுக்குப் போகாமல் தரைக்குப் போகும்படி பார்த்துக்கொள்ளுங்கள். திருப்பி மாட்டும்போது இரண்டு முளையும் எதிரெதிர்த் திசையில் நுழைய வேண்டும். இரண்டு கிராங்கும் ஒரே கோட்டில் நிற்கும்வரை முளையின் தட்டைப் பக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ராவ வேண்டும். பிரிட்டிஷ் வண்டிக்கு ஒன்பதரை மில்லிமீட்டர், பிரெஞ்சுக்கு ஒன்பது. இப்போது சந்தையில் வரும் சில முளைகள் மெத்தென்ற இரும்பு, நாலு மேடு ஏறினால் நசுங்கிவிடுகின்றன. பழைய இருப்பில் கிடைத்தால் கூடுதலாக இரண்டு வாங்கி வையுங்கள்.

பிரேக் ஜி.பி. கம்பெனியுடையது. அந்த வார்ப்பின் மேலேயே ஹிடுமினியம் என்று எழுதியிருக்கும். அது விமான எஞ்சினுக்காக உருவாக்கிய அலுமினியக் கலவை, போருக்குப் பிறகு சைக்கிளுக்கு இறங்கி வந்தது. சீட்டு ப்ரூக்ஸ் பி17. தோல் காய்ந்திருந்தாலும் ஆணியைச் சுற்றி வெடிக்கவில்லை. கொழுப்பு மெழுகை அடிப்பக்கத்தில் தடவித் தடவி உயிர்ப்பித்தேன். டயர், டியூப், வயர், பிரேக் கட்டை, பால்ரஸ் மட்டும் புதியவை. அதில் பழமைப் பிடிவாதம் கூடாது. குரோம் ரிம்மில் மழை பட்டால் எப்பேர்ப்பட்ட பிரேக்கும் வழுக்கும், அதற்குமேல் காய்ந்த கட்டையும் சேர்ந்தால் உயிருக்கு ஆபத்து. அந்தக் காலத்து ரிம்மில் டயரைக் கவ்வும் உதடு கிடையாது என்பதால் காற்றையும் அளவாகத்தான் அடிக்கிறேன்.

இனி பெயிண்ட். துருவை ஆக்ஸாலிக் அமிலக் கரைசலில் எடுத்தேன். அது துருவைத் தின்னும், பெயிண்டைப் பெரும்பாலும் விட்டுவிடும். விஷம் என்பதால் கையுறையும் காற்றோட்டமும் கட்டாயம். முதலில் மறைவான ஒரு மூலையில் சோதித்துப் பார்க்க வேண்டும். குரோமுக்கு ஈரமான அலுமினியத் தாளே போதும். பிறகு மெழுகு. அவ்வளவுதான். மணலடித்து உரித்துப் புதுக் கோட்டிங் போட்டிருந்தால் வண்டி கடையில் வைத்தது போல் மின்னியிருக்கும். ஆனால் நான் சொன்ன எதுவும் எனக்குத் தெரிந்திருக்காது. ஸ்டர்மி பட்டையின் மயில் நீலம், வாஷர் கடித்த தழும்பு, பம்பை மாட்டி மாட்டித் தேய்ந்த வெள்ளிக் கோடு, எல்லாம் ஒரு மத்தியானத்தில் தூளாகிப் போயிருக்கும். பெயிண்ட் உள்ளே இரும்பையே அரிக்கவிடுகிற அளவுக்குப் போயிருந்தால் புதிதாக அடிப்பதில் தப்பில்லை, ஃபிரேம் பிழைப்பதுதான் முதல். அதற்கு முன்பாவது ஒவ்வொரு தடத்தையும் அளந்து, படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

புது உருளைப் பட்டையை அந்த மயில் நீல வளையத்தின் மேலேயே சரியாக உட்கார வைத்தேன். 120-ஐ மறுபடி 114-ஆக நெருக்கவில்லை. பக்கத்துக்கு மூன்று மில்லிமீட்டர் வாஷர் போட்டு நிரப்பிவிட்டேன். நாளைக்கு யாராவது டீரெய்லருக்குத் திரும்ப நினைத்தால் வழி திறந்திருக்க வேண்டும். இன்னும் பாக்கி இருப்பது ப்ளூமெல்ஸ் செல்லுலாய்டு பம்பு ஒன்று. ஃபிரேமின் இரண்டு கொக்கிக்கு நடுவே அளந்து குறித்து வைத்திருக்கிறேன். அடுத்த சந்தை வசந்தத்தில்தான்.